வள்ளியின் தினைப்புனத்தைப் பிள்ளைகளிடம் கொடுங்கள்

மஞ்சோங் வட்டாரத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களுக்கும், பெற்றோர் ஆசிரியர் சங்கத்தாருக்கும், கோயில் நிர்வாகத்தாருக்கும் லூமுட்டிலிருந்து ஒரு திறந்த மடல்.



அடுத்த கலைவிழாவுக்கு நிகழ்ச்சி நிரல் எழுத உட்காருவதற்கு முன்பே இந்த மடல் உங்கள் கைக்கு வந்துவிட வேண்டும் என்று எழுதுகிறேன். நிரலைத் தட்டச்சு செய்து, பிரமுகருக்கும் அனுப்பிவிட்டால் அதற்குமேல் அதில் கை வைக்க யாருக்கும் மனம் வராது. ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் அந்தச் சங்கடம் எனக்கும் தெரியும். என் கோரிக்கை ஒன்றுதான். முக்கால் மணி நேரம் ஒதுக்குங்கள். அதில் பிள்ளைகள் ஒரு பாட்டு நாடகம் போடட்டும், சிரிப்பு நாடகமாக. கதை, வள்ளி தினைப்புனம் காத்த கதை. மேடைக்கு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் பறவைகளும் விலங்குகளும். அவையும் எங்கோ ஆப்பிரிக்கக் காட்டுச் சிங்கமும் ஒட்டகச்சிவிங்கியும் அல்ல. லூமுட், செகாரி, பங்கோர் பக்கம் நம் பிள்ளைகள் கண்ணால் பார்க்கக்கூடியவை.

ஏன் இந்த ஆசை என்று கேட்பீர்கள். சமீப காலத்தில் நான் போய் உட்கார்ந்த விழாக்களில் பார்த்ததைச் சொல்கிறேன். எந்தப் பள்ளி என்று சொல்லப்போவதில்லை. ஒரு பள்ளியின் கதையும் இல்லை இது. ஏழு வயதுப் பெண்பிள்ளை இடுப்பில் கை வைத்து, கண்ணைச் சிமிட்டி, வராத காதலனைக் கூப்பிடும் சினிமாப் பாட்டுக்கு ஆடுகிறாள். அதே வயதுப் பையன் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு அவளைச் சுற்றிச் சுற்றி வருகிறான். பெற்றோர் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துப் பதிவு செய்கிறார்கள். பிள்ளைகளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, சொல்லிக் கொடுத்ததை அழகாகச் செய்கிறார்கள். ஆசிரியரையும் முழுக்கக் குறை சொல்ல முடியாது. பாட்டு தயாராக இருக்கிறது, ஆட்டம் காணொளியில் இருக்கிறது, உடை ஈப்போவில் வாடகைக்குக் கிடைக்கிறது. ஆனால் மேடையில் நிற்பது பிள்ளைதானா, அல்லது பெரியவர் ஒருவரின் சின்ன நகலா என்பதை யாரும் யோசித்த மாதிரி தெரியவில்லை.

பிள்ளைகளுக்கென்று, உள்நாட்டு விலங்குகளை வைத்து ஒரு பாட்டு நாடகம் என்பது புதிய யோசனையும் அல்ல. ஆஸ்திரேலியாவில் 1899-இல் எத்தல் பெட்லி என்ற இசை ஆசிரியை எழுதிய 'டாட் அண்ட் த கங்காரு' வெளிவந்தது. காட்டில் வழி தவறிய சிறுமியைக் கங்காரு ஒன்று காப்பாற்றும் கதை. தங்கள் நாட்டு விலங்குகள் கண்முன்னே அழிந்துகொண்டிருக்கின்றன, பிள்ளைகளாவது அவற்றின் மேல் இரக்கம் கொள்ளட்டும் என்ற வேண்டுகோளோடு எழுதினார். நூல் வந்தபோது அவர் உயிரோடு இல்லை. 1916 கிறிஸ்துமஸ் சமயத்தில் சிட்னியில் 'த பனிப்' என்ற ஆட்டபாட்டக் கதை மேடையேறியது. அதுவரை அங்கே கிறிஸ்துமஸ் நாடகம் என்றால் பெரும்பாலும் இங்கிலாந்துக் கதைதான். இதில் ஆஸ்திரேலிய ஆதிவாசிக் கதைகளில் வரும் நீர்ப்பூதம் வந்தது, அந்நாட்டு வாட்டில் பூவின் பெயரில் ஓர் இளவரசி வந்தாள். குடியேறிய மண்ணின் காடு தங்கள் மேடைக்கும் வரலாம் என்ற துணிச்சல் அதில் தெரிந்தது.

"அது வெள்ளைக்காரன் பழக்கம், நமக்கு எதற்கு?" என்று ஒரு நண்பர் கேட்டார். இந்தக் கேள்விக்காகவே இம்மடலின் பெரும்பகுதியை ஒதுக்குகிறேன். சிட்னியில் அந்த நாடகம் நடந்த அதே காலத்தில் தமிழ்நாட்டில் முழுக்க முழுக்கச் சிறுவர்களே நடித்த நாடகக் கம்பெனிகள் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தன. நம் தாத்தாக்கள் பாய்ஸ் கம்பெனி என்றே சொல்வார்கள். அவற்றுக்கு உயிர் கொடுத்தவர் சங்கரதாஸ் சுவாமிகள். 1867-இல் தூத்துக்குடிப் பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். முதலில் பெரியவர்களோடு நடித்தார், பெரியவர்களுக்கு நாடகம் எழுதினார். பெரிய நடிகர்கள் ஆசிரியர் சொல் கேட்பதில்லை. எழுதியதை விட்டுவிட்டு மேடையில் தங்கள் இஷ்டத்துக்குப் பேசினார்கள். சலித்துப்போய்ச் சிறுவர்கள் பக்கம் திரும்பினார். 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா தொடங்கியது. டி.கே. சங்கரன், முத்துசாமி, சண்முகம், பகவதி ஆகிய டி.கே.எஸ். சகோதரர்கள் அங்கிருந்து வந்தவர்கள்தாம். சண்முகம் சேர்ந்தபோது அவருக்கு வயது ஆறு. அந்தச் சின்னப் பையனுக்காகவே சுவாமிகள் 'அபிமன்யு சுந்தரி'யை ஒரே இரவில் எழுதி முடித்தார் என்பது நாடக உலகில் இன்றும் சொல்லப்படும் கதை. எம்.ஜி.ஆர், என்.எஸ். கிருஷ்ணன், சிவாஜி கணேசன், பி.யு. சின்னப்பா, எம்.ஆர். ராதா எல்லாரும் இப்படிப்பட்ட கம்பெனிகளில் வளர்ந்தவர்கள். நம் வீட்டுத் தொலைக்காட்சியில் இன்றும் ஓடும் பழைய படங்களின் நடிப்பு பாதிக்கு மேல் அங்கே பழகியது.

அந்தக் கம்பெனிகள் அலுக்காமல் போட்ட நாடகங்களில் ஒன்று சுவாமிகளின் 'வள்ளி திருமணம்'. செங்கோட்டை கிட்டப்பாவும் கொடுமுடி சுந்தராம்பாளும் 1920-களில் இலங்கையில் சேர்ந்து நடித்துப் புகழ் பெற்றதும் அதில்தான். 1933-இல் டி.பி. ராஜலட்சுமி நடிக்கப் படமாக வந்தது, 1945-இல் ஏவி.எம். 'ஸ்ரீவள்ளி' எடுத்தார்கள். மதுரை, புதுக்கோட்டைப் பக்கம் கோயில் திருவிழாவில் விடிய விடிய ஸ்பெஷல் நாடகமாக இன்னும் நடக்கிறது. கடல் தாண்டி இங்கே வந்த நம்மவர்களும் கதையை விட்டுவிட்டு வரவில்லை. ரப்பர் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில், லயத்துக்கு எதிரே கொட்டகை போட்டு, பெட்ரோமாக்ஸ் விளக்கில் நல்லதங்காள், அரிச்சந்திரன் போன்ற கதைகளோடு வள்ளியும் வந்தாள். பகலெல்லாம் பால்வெட்டிவிட்டு வந்தவர்கள்தாம் நடிகர்கள். மறுநாள் விடியுமுன்னே பிரட்டுக்கு, அதாவது காலைப் பெயர் அழைப்புக்கு, போய் நிற்க வேண்டும் என்று தெரிந்தும் நடித்தார்கள்.

இனி அந்த நாடகத்தில் என் கண் போகும் இடத்தைச் சொல்கிறேன். வள்ளி மான் வயிற்றில் பிறந்தவள், வள்ளிக்கிழங்கு தோண்டிய குழியில் கிடைத்தவள். வேடர் தலைவன் நம்பிராஜன் எடுத்து வளர்க்கிறான். பருவம் வந்ததும் தினைப்புனம் காக்க அனுப்புகிறான். புனத்தில் பரண். பரண் மேல் வள்ளி, கையில் கவண், கூடத் தோழிகள். கிளி வருகிறது, மயில் வருகிறது, குருவி வருகிறது. ஆலோலம் பாடி விரட்டுகிறாள். பழைய நாடகக்காரர்கள் இந்த இடத்தில் அரை மணி நேரம் நின்றுவிடுவார்கள். பாட்டு முடியும், கீழேயிருந்து "ஒன்ஸ்மோர்" என்று சத்தம் வரும், ஆர்மோனியக்காரர் மறுபடி மெட்டை எடுப்பார். அதற்குப் பிறகுதான் முருகன் வேடனாக வருவதும், வேங்கை மரமாக நிற்பதும், கிழவனாக வந்து தேனும் தினைமாவும் தின்று விக்குவதும், தண்ணீர் கேட்பதும், அண்ணன் விநாயகர் யானையாக வந்து பயமுறுத்துவதும்.

இந்தக் காட்சிக்கு வயது இரண்டாயிரம். கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டில் தினைப்புனத்துப் பெண்கள் கிளி விரட்டத் தழல், தட்டை, குளிர் என்று தனித்தனிக் கருவிகள் வைத்திருக்கிறார்கள். தட்டை என்பது மூங்கிலைப் பிளந்து தட்டி ஒலி எழுப்புவது. பறவையை அடித்துக் கொல்லும் கருவி அல்ல, சத்தம் போட்டுத் துரத்தும் கருவி. சங்கப் பாட்டுக்காரருக்கும் நாடகக்காரருக்கும் இதில் ஒரே புத்தி: பயிரும் பிழைக்க வேண்டும், பறவையும் பிழைக்க வேண்டும். அறிவியல் ஆசிரியர்கள் காடு, விலங்கு என்று தனியாகப் பாடம் நடத்தும்போது இதை ஒருமுறை நினைத்துக்கொள்ளலாம்.

ஆனால் பழைய நாடகத்தில் ஒரு குறை உண்டு. வள்ளி பறவைகளோடு அவ்வளவு நேரம் பேசுகிறாள், அவை ஒரு வார்த்தை திருப்பிச் சொல்வதில்லை. திரைச்சீலையில் வரைந்த கிளியாக இருக்கின்றன, இல்லையென்றால் பாட்டில் மட்டும் இருக்கின்றன. பெரியவர்களின் கண் வள்ளி மேலும் வேலன் மேலும் இருந்ததால் கிளியைப் பேசவிட யாருக்கும் தோன்றவில்லை. பிள்ளைகளிடம் கொடுத்தால் முதல் ஒத்திகையிலேயே கிளி வாயைத் திறக்கும். "தினையை நீயா நட்டாய்? உன் அப்பா வெட்டிய காட்டில் என் கூடு இருந்ததே, அதற்கு என்ன பதில்?" என்று கிளி கேட்டால் பரண் மேல் நிற்கும் வள்ளி என்ன சொல்வாள்? நாடகம் அங்கே தொடங்குகிறது. சிரிப்பும் அங்கே தொடங்குகிறது.

கோயில் நிர்வாகத்தாருக்கு இப்போதே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், பிறகு மனத்தாங்கல் வேண்டாம். திருமணப் பகுதியை நான் விடச் சொல்கிறேன். முருகனை விடச் சொல்லவில்லை. கந்தபுராணத்தின் கடைசிப் படலம் அது, கல்யாண உற்சவத்தில் ஓதுகிறோம், பெரியவர்கள் அதைப் பக்தியாகவே கேட்கிறோம். ஆனால் பத்து வயதுப் பையன் ஒட்டுத்தாடி வைத்துக் கிழவனாகி, பத்து வயதுப் பெண்ணிடம் என்னைக் கட்டிக்கொள் என்று கேட்பதையும், யானையைக் காட்டிப் பயமுறுத்தி அவள் சம்மதத்தை வாங்குவதையும் பள்ளி மேடையில் வைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. பாய்ஸ் கம்பெனிச் சிறுவர்கள் அதையெல்லாம் ஆண்டுக்கணக்கில் செய்தார்கள். காதல் என்னவென்று தெரியாத வயதில் காதல் வசனத்தைக் கண்ணீரோடு பேசினார்கள், சபையும் தலையாட்டியது. இன்று கறுப்புக் கண்ணாடிப் பையன் செய்வதும் அதன் தொடர்ச்சிதான். நூறு வருடமாகப் பிள்ளைகளை ஏற்றிய நம் மேடை, பெரும்பாலும் பெரியவர் வேஷத்தைத்தான் அவர்களுக்கு மாட்டியிருக்கிறது. வள்ளி கதையில் பிள்ளை பிள்ளையாகவே இருக்க இடம் கொடுப்பது பறவை விரட்டும் இந்த ஒரு காட்சிதான்.

அப்படியானால் கிழவரை என்ன செய்வது? வைத்துக்கொள்ளலாம். வழிதவறி வந்த தாத்தா, பசி, தினைமாவை அள்ளி அள்ளித் தின்கிறார், விக்கல் நிற்கவில்லை. விக்கலைப் போல நல்ல நகைச்சுவை பிள்ளைகளுக்கு வேறு எதுவும் இல்லை. யானையையும் வைத்துக்கொள்ளலாம், இரண்டு பையன்கள், ஒரு சாம்பல் நிறப் போர்வை, யானை தயார். யானை வந்ததும் வள்ளி ஓடிப்போய் யாரையும் கட்டிக்கொள்ள வேண்டியதில்லை. பிள்ளையாருக்குக் கொஞ்சம் தினைமாவு உருண்டை கொடுத்தால் அவர் திரும்பிப் போய்விடுவார். அவர் சுபாவத்துக்கு இதுவே பொருத்தம் என்று எனக்குப் படுகிறது.

இனி விலங்குகள். தினைப்புனத்தைச் செகாரிக் காட்டோரத்தில் வையுங்கள் என்பது என் யோசனை. வள்ளிமலை வேலூர்ப் பக்கம் இருக்கிறது, உண்மைதான். ஆனால் கதை கப்பலேறி இங்கே வந்து ஒரு நூற்றாண்டுக்கு மேலாகிவிட்டது, இங்கேயும் அதற்கு ஒரு புனம் வேண்டும்.

முதல் வேஷம் கிளிக்கு. இந்த மேற்குக் கரையில் சதுப்புக் காட்டிலும் தோட்டங்களிலும் நீண்ட வால் வைத்த பச்சைக் கிளிகள் கூட்டமாகப் பறப்பதைப் பார்க்கலாம். செம்பனைப் பழத்தை விடாமல் கொத்தித் தின்னும் பறவை அது. எனவே வள்ளியோடு வழக்காட அதற்கு நிறைய விஷயம் இருக்கிறது. அடுத்தது இருவாட்சி. பங்கோரில் தெலுக் நிப்பா பக்கம் மாலையில் போனால் மனிதர் நீட்டும் பழத்தை வாங்கித் தின்ன அது வருவதைப் பார்க்கலாம். இதன் குடும்ப வாழ்க்கையே ஒரு நாடகம். பெண் பறவை மரப்பொந்துக்குள் போய் வாசலை அடைத்துக்கொள்ளும். அலகு நுழையும் அளவுக்கு ஒரு பிளவு மட்டும் மிஞ்சும். முட்டை பொரிந்து குஞ்சு வளரும் வரை ஆண் பறவை வெளியே அலைந்து பழம் கொண்டுவந்து அந்தப் பிளவு வழியாக ஊட்ட வேண்டும். "நான் வீட்டுக்குச் சாப்பாடு வாங்க வந்தேன், என்னை விரட்டாதே" என்று மூச்சு வாங்கப் பாடிக்கொண்டு வரும் அப்பா இருவாட்சியைக் கற்பனை செய்து பாருங்கள். பார்க்க வந்திருக்கும் அப்பாக்கள்தான் முதலில் சிரிப்பார்கள்.

சருகுமானை விட்டுவிட்டு இந்த மண்ணில் விலங்கு நாடகம் போட முடியாது. மலாய்ப் பாடப் புத்தகத்தில் முதலையை ஏமாற்றும் சாங் காஞ்சிலை நம் பிள்ளைகள் எல்லாருக்கும் தெரியும். வால்டர் ஸ்கீட் என்பவர் இந்தக் கதைகளைத் திரட்டி 1901-இலேயே ஆங்கிலத்தில் வெளியிட்டார். லூமுட் கடற்படைத் தளத்தில் பயிற்சி மையத்துக்கே கே.டி. பெலாண்டோக் என்றுதான் பெயர். வீரர்கள் பழகும் இடத்துக்குப் புலி பெயரை விட்டுவிட்டுச் சருகுமான் பெயரை வைத்திருக்கிறார்கள், அதற்குள்ள புகழ் அப்படி. முயல் அளவுதான் இருக்கும். மிரண்டால் பின்னங்கால்களால் தரையைப் படபடவென்று தட்டும். அந்தக் காலத்து மலாய் வேட்டைக்காரர்கள் காய்ந்த இலை மேல் குச்சியால் அதே மாதிரி தட்டி அதை வரவழைப்பார்கள். மிருதங்கமோ தப்போ அடிக்கத் தெரிந்த பிள்ளை ஒருவன் இருந்தால் சருகுமானின் வருகை முழுவதையும் தாளத்தாலேயே சொல்லிவிடலாம். அது மலாயில் பேசட்டும், வள்ளி தமிழில் பதில் சொல்லட்டும். நம் பிள்ளைகள் தினமும் இரண்டு மொழியில் வாழ்கிறார்கள், மேடையில் மட்டும் அதை ஏன் மறைக்க வேண்டும்?

சதுப்பில் நடக்கும் மீன் பெலாச்சாக், செகாரிக் கரையில் முட்டையிட வரும் ஆமை, தெலுக் பாத்தேக்கில் உணவுப் பொட்டலத்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடும் குரங்கு, கும்பாபிஷேகத்தில் மேலே வட்டமிட்டால் நாம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும் செம்பருந்து. இவற்றில் எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று பிள்ளைகளே முடிவு செய்யட்டும். ஆமைக்கு மெதுவாக நடக்கும் வேஷம் என்பதால் கூச்சமுள்ள பிள்ளைக்குக் கொடுக்கலாம்.

காக்கையைப் பற்றி மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். நாம் சோறு வைத்துக் கூப்பிடும் இந்த ஊர்க் காக்கை இந்த நாட்டுப் பறவை அல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், காப்பித் தோட்டங்களைப் பிடித்த புழுவைத் தின்னட்டும் என்று இலங்கையிலிருந்து கிள்ளானுக்குக் கொண்டுவந்தார்கள். காப்பி போயிற்று, காக்கை நின்றுவிட்டது. இப்போது கிள்ளானிலிருந்து தொடங்கி எங்கும் பரவி, நகராட்சிகள் சுட்டுத் தள்ளும் அளவுக்குப் பெருகியிருக்கிறது. இன்னொன்றும் உண்டு. பெராக்கை வாழவைத்த ரப்பர் மரமே பிரேசில் காட்டு மரம். 1877-இல் கோலகங்சாரில் கன்றாக நட்டது. மரம் ஒரு கண்டத்திலிருந்து வந்தது, அதில் பால்வெட்ட நம் பாட்டன் இன்னொரு கரையிலிருந்து வந்தான், அதே கடலைத் தாண்டிக் காக்கையும் வந்தது. எனவே நாடகத்தில் இருவாட்சியும் சருகுமானும் "நாங்கள்தான் இந்தக் காட்டின் பூர்வ குடி" என்று மார் தட்டும்போது, காக்கை ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருக்கட்டும். அதற்கு ஒரு பாட்டு கொடுங்கள். என்ன பாட வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளை உட்காரவைத்து, காக்கை இங்கே வந்த கதையைச் சொல்லி, அவர்களையே நாலு வரி எழுதச் சொல்லுங்கள். நான் எதிர்பார்ப்பதை விட நன்றாகவே எழுதுவார்கள்.

பாட்டுகளுக்கு மெட்டு எங்கே போவது என்ற கவலை வேண்டாம். நூறு வருடத்துக்கு முந்திய நாடகக்காரர்களும் மெட்டை எங்கிருந்தெல்லாமோ எடுத்தார்கள். வடநாட்டுப் பார்சி நாடகக் கம்பெனிகள் தமிழ்நாட்டுக்கு வந்து போனபின் அவர்களின் மெட்டுகள் நம் மேடையில் புகுந்தன. அதே பார்சி நாடகத்தைப் பார்த்துப் பினாங்கில் 1885 வாக்கில் மலாய் பங்சாவான் பிறந்தது. அப்போது இந்த லூமுட்டும் பங்கோரும் பெராக்கில் இல்லை. டிண்டிங்ஸ் என்ற பெயரில் பினாங்கோடு சேர்ந்து நீரிணைக் குடியேற்றத்தின் கீழ் இருந்தன, 1935-இல்தான் பெராக்கிடம் திரும்பின. ஒரே ஊற்றிலிருந்து தமிழ் நாடகமும் மலாய் நாடகமும் நீர் குடித்திருக்கின்றன என்பதால், கிளிப் பாட்டுக்குக் காவடிச்சிந்தும் சருகுமானுக்கு ஒரு ஜோகெட் தாளமும் போட்டால் யாருக்கும் எந்த மரபும் கெடாது. ஆர்மோனியம் ஒன்று வேண்டும். பஜனைக் குழுவில் நிச்சயம் இருக்கும். பதிவு செய்த இசையைப் போட்டுப் பிள்ளைகளை வாயசைக்க வைப்பதாக இருந்தால் இந்த முயற்சியே வேண்டாம்.

ஓர் எச்சரிக்கையையும் சொல்ல வேண்டும். பாய்ஸ் கம்பெனிகளை நான் புகழ்ந்து பேசியதால் அவற்றை மாதிரியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சண்முகம் தம் தன்வரலாற்றை எழுதியிருக்கிறார், அந்தக் காலத்து மற்ற நடிகர்களும் பேசியிருக்கிறார்கள். பெற்றோர் வறுமையால் கொண்டுவந்து விட்ட பிள்ளைகள். இரவு முழுவதும் நாடகம், பகலில் பாடம், தப்பினால் பிரம்பு. ஊர் ஊராக அலைச்சல், வீட்டைப் பார்க்க விடுப்பு இல்லை. இதைவிடக் கொடுமை மகரக்கட்டு. பதின்மூன்று, பதினான்கு வயதில் குரல் உடையும்போது நேற்றுவரை ராஜபார்ட்டாக (கதாநாயகனாக) நின்றவன் ஒரே மாதத்தில் ஒன்றுமில்லாதவன் ஆகிவிடுவான். ஒன்ஸ்மோர் கேட்ட சபை அவனைத் தேடாது. அந்தக் கம்பெனிகளிலிருந்து பெரிய நடிகர்கள் வந்தார்கள் என்று நாம் பத்துப் பேரின் பெயரைச் சொல்கிறோம். பெயர் தெரியாமல் போனவர்கள் எத்தனையோ பேர்.

ஆகவே நம் நாடகத்தில் கதாநாயகி, கதாநாயகன் என்று யாரையும் ஏற்ற வேண்டாம். வள்ளி வேஷத்தை மூன்று பெண்பிள்ளைகள் மாற்றி மாற்றிப் போடட்டும். குரல் உடைந்த பையன் இருந்தால் யானைக்குக் குரல் கொடுக்கட்டும், அதற்கு அந்தக் கரகரப்புதான் வேண்டும். ஒத்திகை பள்ளி நேரத்திலேயே முடியட்டும். இரவில் வைத்தால் பிள்ளைகளும் சோர்வார்கள், வண்டியில் வந்து காத்திருக்கும் பெற்றோரும் கோபிப்பார்கள். போட்டி, பரிசு, சிறந்த நடிகர் கேடயம் எதுவும் வேண்டாம். பிரமுகர் பேச்சை நாடகத்துக்கு நடுவில் செருகுவதும் வேண்டாம் (இதற்காக என்னைத் திட்டினாலும் சரி).

"எங்கள் பள்ளியில் பிள்ளைகளே இல்லையே ஐயா" என்று சில தலைமையாசிரியர்கள் சொல்வது காதில் விழுகிறது. தோட்டங்கள் துண்டாகி, ரப்பர் போய்ச் செம்பனை வந்து, குடும்பங்கள் ஸ்ரீ மஞ்சோங்குக்கும் ஈப்போவுக்கும் அதற்கு அப்பாலும் போன பிறகு, சில பள்ளிகளில் ஒரு வகுப்பில் கைவிரல்களுக்குள் அடங்கும் எண்ணிக்கைதான். அதனால்தான் இந்தக் காட்சியைத் தேர்ந்தெடுத்தேன். கூட்ட நடனத்துக்கு இருபது பேர் வேண்டும், இதற்குப் பத்துப் பேர் போதும். ஒரே பிள்ளை காக்கையாகவும் ஆமையாகவும் வரலாம். ஆயர் தாவாரிலும் சித்தியவானிலும் லூமுட்டிலும் உள்ள சிறு பள்ளிகள் சேர்ந்து ஒரு நாடகமாகவும் போடலாம். கிளிகள் ஒரு பள்ளி, இருவாட்சிகள் இன்னொரு பள்ளி.

செலவு பற்றிப் பெற்றோர் ஆசிரியர் சங்கப் பொருளாளர் கேட்பார், கேட்க வேண்டியதுதான். வாடகை உடை தேவையில்லை. அட்டையும் பழைய துணியும் வண்ணமும் போதும். இருவாட்சியின் கொண்டையைப் பிள்ளைகளே செய்தால், அதற்கு ஒரு அலகுக்கு மேல் இன்னொரு அலகு வைத்தது போல ஏன் இருக்கிறது என்று அவர்களே கேட்பார்கள். அதற்காக ஒரு சனிக்கிழமை ஜெட்டியில் படகேறிப் பங்கோருக்குப் போய் நேரில் பாருங்கள். படகுக் கட்டணமும் வண்டிச் செலவும் தவிர இந்த நாடகத்துக்குப் பெரிய செலவு வேறு எதுவும் எனக்குத் தெரியவில்லை.

சங்கரதாஸ் சுவாமிகள் 1922 நவம்பரில் புதுச்சேரியில் காலமானார். கடைசிக் காலத்தில் அவருக்குப் பக்கவாதம், பேச்சு போய்விட்டது. அவருடைய நாடகங்கள் மட்டும் நிற்கவில்லை, கடல் தாண்டித் தோட்டத்துக் கொட்டகை வரை வந்தன. அவற்றிலிருந்து முக்கால் மணி நேரத்தை நம் பிள்ளைகளுக்காக வெட்டி எடுத்துக்கொள்ளும் உரிமை நமக்கு உண்டு.

அடுத்த சங்கக் கூட்டத்தில் இதை ஒரு பொருளாகச் சேர்த்துப் பேசுங்கள். கிளிக்கும் வள்ளிக்கும் நடக்கும் வழக்கை வசனமாக எழுதத் தொடங்கியிருக்கிறேன், கேட்கும் பள்ளிக்கு இலவசமாகத் தருகிறேன். திருத்தலாம், வெட்டலாம், பிடிக்கவில்லையென்றால் நீங்களே புதிதாக எழுதிக்கொள்ளலாம். காக்கையின் பாட்டை மட்டும் பிள்ளைகளிடம் விட்டுவிடுங்கள்.

அன்புடன்,
லூமுட்டில் வசிக்கும் ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியன்